பழைய ஓக் பட்டையில ஒட்டியிருக்குற கசப்பு லைக்கன்: லெப்ரா அமாராவை கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துல பழைய ஓக் மரம் நிக்கிற எந்த இடத்துக்குப் போனாலும், நியூ ஃபாரஸ்ட்டோ வின்ட்சர் கிரேட் பார்க்கோ எதுவா இருந்தாலும் சரி, அடிமரத்துல சாம்பல் கலர்ல திட்டுத்திட்டா ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கும். பாதிப் பேர் அதுதான் பட்டையோட கலர்னு நெனச்சுட்டு போயிடுவாங்க, மீதிப் பேர் ஐயோ மரத்துக்கு நோய் வந்துடுச்சுன்னு பதறுவாங்க. ரெண்டும் இல்ல, அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒரே உடம்பா சேர்ந்து வாழுற உயிர். மரத்துல இருந்து சத்து எதையும் உறிஞ்சுறது கிடையாது, ஒட்டிக்க ஒரு இடம் வேணும், அவ்ளோதான்.

செட்டிநாட்டு மசாலாவுல போடுற கல்பாசியும் லைக்கன்தான். ஆனா அது இலை மாதிரி மடிஞ்சு வளர்றது, அடியில நகத்தை விட்டா கழண்டு வந்துடும். இங்க பாக்கப்போறது க்ரஸ்டோஸ் வகை, பட்டைக்குள்ளயே வேர்விட்ட மாதிரி அப்பிக்கிட்டு இருக்கும், பட்டையோட சேர்த்து சீவினாதான் வரும். அதனாலதான் இதை அடையாளம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு ஒரு பேர். இலை இல்ல, கிளை இல்ல, தூரத்துல இருந்து பாத்தா எல்லாமே சாம்பல் திட்டு.

ஒரே ஓக் மரத்துல பத்து பதினஞ்சு க்ரஸ்ட் வகை இருக்கலாம், எல்லாத்தையும் ஒரே நாள்ல கத்துக்கணும்னு இறங்கினா தலை சுத்திடும். அதனால ஒண்ணே ஒண்ணை எடுத்துக்குவோம், லெப்ரா அமாரா. 2016க்கு முன்னாடி வந்த புக் எல்லாத்துலயும் பெர்டுசாரியா அமாரான்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான், குழம்பாதீங்க. இதை நான் எடுத்ததுக்குக் காரணம், மைக்ராஸ்கோப் இல்லாமலே உறுதியா சொல்ல முடியுற மிகச் சில க்ரஸ்ட் லைக்கன்ல இது ஒண்ணு: கண்ணுக்கு ஒரு அடையாளம், நாக்குக்கு ஒண்ணு, கெமிக்கலுக்கு ஒண்ணு. இந்த மூணும் ஒத்துப்போனா முடிஞ்சுது கதை, ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு பேர் சொல்றவங்கதான் தப்பு பண்றாங்க, குறிப்பா கலரை மட்டும் வச்சு.

முதல்ல கையில என்ன வேணும்

பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு. நகைக்கடைல கல் பாக்குறவங்க கண்ணுல வைக்கிற அதே லென்ஸ்தான், விலை அதிகம் இல்ல. இதைவிட பெரிய பவர் வாங்காதீங்க, இருபது மடங்கு லென்ஸ்ல வெளிச்சமும் கம்மியாயிடும், பட்டையில ஃபோகஸும் நிக்காது. அப்புறம் ஒரு சின்ன கத்தி, பல்குத்தும் குச்சி கொஞ்சம், வெள்ளை காபி ஃபில்டர் பேப்பர், பேப்பர் கவர், பென்சில்.

கெமிக்கல் ரெண்டே ரெண்டு. ஒண்ணு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 10 சதவீத கரைசல், அதாவது 10 கிராம் எடுத்து 100 மில்லி அளவுக்கு தண்ணில கரைச்சது. இதைத்தான் லைக்கன் ஆளுங்க 'கே'ன்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு சாதாரண வீட்டு ப்ளீச், அது 'சி'. வாசனை சேர்க்காத, கொழகொழன்னு இல்லாத தண்ணி மாதிரி ப்ளீச்சா பாத்து வாங்குங்க. ரெண்டையும் தனித்தனி சொட்டு பாட்டில்ல வச்சுக்கணும். கே கரைக்கும்போது தண்ணிலதான் வில்லையை போடணும், வில்லை மேல தண்ணி ஊத்தக்கூடாது, சூடாகி தெறிக்கும், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம். ப்ளீச்சை பாத்ரூம் ஆசிட்டோட எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீங்க, குளோரின் வாயு வரும். பாராஃபினிலீன்டயமின்னு மூணாவதா ஒரு கெமிக்கல் இருக்கு, அது விஷம், கையில பட்டா கறையும் போகாது, இந்த லைக்கனுக்கு அது தேவையும் இல்ல.

மரத்தோட எந்தப் பக்கம் பாக்கணும்

நேரா போய் லென்ஸை வைக்காதீங்க, முதல்ல ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு மரத்தை ஒரு சுத்து சுத்துங்க. இங்கிலாந்துல மழை பெரும்பாலும் தென்மேற்குக் காத்தோட வரும், அதனால மரத்தோட அந்தப் பக்கம் நனையும், எதிர்ப்பக்கம், அதுவும் மரம் சாஞ்சு இருந்தா சாஞ்ச பக்கத்தோட அடிப்பகுதி, மழையே படாம காஞ்சு கிடக்கும். நனையுற பக்கத்துல ஒரு கூட்டம், காஞ்ச பக்கத்துல வேற கூட்டம். லெப்ரா அமாராவை நனையுற பக்கத்துல, வெளிச்சம் கொஞ்சமாவது படுற இடத்துல, பட்டையோட மேட்டுப் பகுதில தேடுங்க. ஆழமான வெடிப்புக்குள்ள பளிச்சுனு மஞ்சளா தூள் இருந்தா அது கிரைசோத்ரிக்ஸ் கேண்டெலாரிஸ், நமக்கு வேண்டாம். காஞ்ச பக்கத்துல சின்னச் சின்ன கறுப்பு குண்டூசி நட்டு வச்சது போல இருந்தா அது கேலிசியம் வகை, அதுவும் வேண்டாம், ஆனா பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஒரு நிமிஷம் நின்னு லென்ஸ்ல பாத்துட்டு வாங்க.

ஓக் பட்டை இயல்பாவே அமிலத்தன்மை உள்ளது, அமாராவுக்கு அது செட் ஆகும். ஆனா ஓக்ல மட்டும்தான்னு இல்ல, பீச், ஆஷ், சிக்கமோர் மரத்துலயும் வரும், பாறையில கூட வரும். அதனால "ஓக்ல இருந்துச்சு, அதனால இதுதான்"ங்கிற லாஜிக் வேலைக்கு ஆகாது.

லண்டனுக்குள்ள தேடுறவங்களுக்கு ஒரு விஷயம். நிலக்கரி புகையில சல்ஃபர் டை ஆக்சைடு நிறைஞ்சிருந்த காலத்துல, 1952 டிசம்பர்ல வந்த பெரிய ஸ்மாக் (நச்சுப் புகைமூட்டம்), அதுக்கப்புறம் புகையைக் கட்டுப்படுத்த 1956ல வந்த க்ளீன் ஏர் ஆக்ட்ங்கிற சட்டம், அந்தக் கதை தெரிஞ்சிருக்கும், அப்போ நகரத்து மரங்கள்ல முக்கால்வாசி லைக்கன் செத்துப்போச்சு. லெகனோரா கோனிசியாய்டிஸ்னு ஒரு சாம்பல் பச்சை க்ரஸ்ட் மட்டும் அந்தப் புகையிலயே செழிச்சு வளந்துச்சு. இப்போ காத்து சுத்தமானதும் அது தேடினாலும் கிடைக்காத வகையாயிடுச்சு, வேடிக்கைதான். ஹாக்ஸ்வொர்த், ரோஸ்னு ரெண்டு பேர் 1970ல மரத்துல எந்த லைக்கன் இருக்குன்னு பாத்தே காத்துல எவ்வளவு சல்ஃபர்னு சொல்ற ஒரு அளவுகோலையே போட்டாங்க. லண்டன் பார்க்ல நானூறு வருஷ ஓக் நின்னாலும் அதுல இருக்குற லைக்கன் பாதி புதுசா குடிவந்ததா இருக்கும், நியூ ஃபாரஸ்ட் ஓக் அளவுக்கு வகை எதிர்பாக்காதீங்க.

காஞ்சிருக்கும்போது பாருங்க

மழை பெஞ்ச உடனே போனா எல்லா லைக்கனும் பச்சையா தெரியும், மேல் தோல் நனைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்குற பாசி வெளிய தெரியுறதால. புக்ல "சாம்பல்"னு இருக்கும், கண்ணுல பச்சை தெரியும், நீங்க வேற பக்கத்தைத் திருப்பிட்டு இருப்பீங்க. ரெண்டு நாள் மழை இல்லாத நாளா பாத்து போங்க. கெமிக்கல் டெஸ்ட்டும் காஞ்சதுலதான் ஒழுங்கா வரும்.

இப்போ திட்டோட ஓரத்துல இருந்து தொடங்குங்க, நடுவுல இருந்து இல்ல. ஓரத்துல வெளிறின ஒரு பார்டர், சில சமயம் கோடு கோடா வட்டம் போட்ட மாதிரி, இருக்கும், அது பாசி இன்னும் வந்து சேராத வெறும் பூஞ்சை பகுதி. பக்கத்துல இன்னொரு லைக்கன் முட்டிக்கிட்டு இருந்தா ரெண்டுக்கும் நடுவுல எல்லைக்கோடு தெரியும், அதை முதல்லயே பாத்து வச்சுக்கணும், இல்லன்னா ரெண்டு லைக்கனை ஒண்ணா நெனச்சு பாதி அடையாளம் இதுல இருந்து, பாதி அதுல இருந்து எடுத்து எந்த புக்லயும் இல்லாத ஒரு ஜந்துவை உருவாக்கிடுவீங்க. போட்டோ ஆப் சொல்ற பதில் பெரும்பாலும் தப்பாகுறதும் இங்கதான், ஒரு ஃப்ரேம்ல நாலு லைக்கன் இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

உள்ள வந்தா தாலஸ், அதாவது லைக்கனோட உடம்பு, சாம்பல் இல்லன்னா லேசா பச்சை கலந்த சாம்பல். சில இடத்துல மெல்லிசா வழவழன்னு, சில இடத்துல தடிச்சு, வெடிச்சு, சொரசொரப்பா இருக்கும். ஒரே திட்டுலயே இவ்வளவு மாறும்ங்கிறதால தடிப்பை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. திட்டு உள்ளங்கை அகலம் கூட இருக்கும், மெதுவா வளர்ற ஜாதி, அந்த அளவுக்கு வர பல வருஷம் ஆகியிருக்கும், அதனால கத்தியை எடுக்குறதுக்கு முன்னாடி யோசிங்க.

உயிர்நாடி இதுதான்: சொராலியா

லென்ஸை கண்ணுக்கு ஒட்டி வச்சு, மூக்கு பட்டையில இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டு போங்க, கையை நீட்டி லென்ஸை தூர புடிச்சா ஒண்ணும் தெரியாது.

தாலஸ் மேல வெள்ளை வெள்ளையா வட்டப் புள்ளிகள் தெரியும், ஒவ்வொண்ணும் சுமார் ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் முன்னப்பின்ன. கோலப்பொடியை விரல்ல எடுத்து புள்ளி வச்ச மாதிரி, நடுவுல லேசா மேடா, தொட்டா மாவா உதிரும். இதுதான் சொராலியா. அந்த மாவு ஒவ்வொரு துகளும் பூஞ்சை நூல் சுத்தின கொஞ்சம் பாசி செல், காத்துலயோ மழைத்தண்ணிலயோ பூச்சி கால்லயோ ஒட்டிக்கிட்டுப் போய் இன்னொரு பட்டையில புது லைக்கனா வளரும். அமாரா தட்டு மாதிரி காய்ப்பு உறுப்பு, அப்போதீசியா, விடுறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அது பரவுறதே பெரும்பாலும் இந்த மாவாலதான்.

இங்க மூணு கேள்வி கேளுங்க. புள்ளிகள் ஒண்ணோட ஒண்ணு கலக்காம தனித்தனியா இருக்கா? ஓரத்துல இல்லாம நடுவுலதான் அதிகமா இருக்கா? தாலஸ் சாம்பலும் புள்ளி வெள்ளையும் தெளிவா வித்தியாசம் காட்டுதா? மூணுக்கும் ஆமான்னா அமாராவா இருக்க நல்ல வாய்ப்பு. வயசான திட்டுல நடுப்பகுதில புள்ளிகள் நெருக்கமாகி கிட்டத்தட்ட சேர்ந்துடும், அதனால எப்பவும் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதிய பாத்து பதில் சொல்லுங்க.

முழுத் திட்டுமே மாவா இருந்து, எது தாலஸ் எது புள்ளின்னு பிரிக்கவே முடியலன்னா அது லெப்ராரியா வகை, அதுக்கு இந்த வழிகாட்டி உதவாது. 365 நானோமீட்டர் யூவி டார்ச் இருந்தா லெப்ராரியா இன்கானா நீலம் கலந்த வெள்ளையா ஒளிரும், சாயங்காலத்துல பாக்க செமயா இருக்கும்.

நாக்கு டெஸ்ட்

ஆமா, நிஜமாவே நக்கிப் பாக்குற டெஸ்ட்தான், லைக்கன் படிக்கிறவங்க காலங்காலமா பண்றது. ஆனா முறை இருக்கு, மரத்தையே நக்காதீங்க தயவுசெஞ்சு.

விரல் நுனியை தண்ணி இல்லன்னா எச்சில்ல நனைச்சு, ஒரு சொராலியா மேல லேசா தேய்ச்சு, ஒட்டின மாவை நாக்கு நுனில வைங்க. உடனே ஒண்ணும் தெரியாது, அய்யோ இது இல்ல போலன்னு அவசரப்படாதீங்க, கொஞ்ச நேரம் காத்திருக்கணும். அப்புறம் மெல்ல ஆரம்பிச்சு நாக்கு பின்பக்கம் வரைக்கும் ஏறும், அப்படி ஒரு கசப்பு, துப்பினாலும் தண்ணி குடிச்சாலும் சீக்கிரம் போகாது. பிக்ரோலைக்கெனிக் ஆசிட்னு ஒரு பொருள் இதுல இருக்கு, கசப்பு அதோடதுதான். வேற சில லைக்கனும் லேசா கசக்கும், அதை இதோட குழப்பிக்காதீங்க, அமாரா கசப்புல சந்தேகத்துக்கே இடம் இருக்காது. சந்தேகம் வந்துச்சுன்னா அது அமாரா இல்ல.

மாவை விழுங்காம துப்பிடுங்க. ரோட்டோரம் நிக்கிற மரத்துல இதைப் பண்ணாதீங்க, வண்டிப் புகையும் நாய் மூத்திரமும் எல்லாம் படிஞ்சிருக்கும். மஞ்சள் கலர் லைக்கனை எப்பவும் வாயில வைக்காதீங்க, மஞ்சள்ல சிலதுல விஷம் உண்டு. ஏற்கனவே கெமிக்கல் விட்ட திட்டையும் கூடாது, அதனாலதான் இந்த டெஸ்ட்டை கெமிக்கலுக்கு முன்னாடி வச்சேன். ஒரு திட்டை டெஸ்ட் பண்ணதும் அடுத்ததுக்குப் போறதுக்கு முன்னாடி நல்லா இடைவெளி விடுங்க, இல்லன்னா முதல் கசப்பே ரெண்டாவதுலயும் தெரியும்.

கெமிக்கல் டெஸ்ட்

லைக்கன்ல சொட்டு விட்டு கலர் பாக்குற முறைய 1866ல வில்லியம் நைலாண்டர்னு பாரிஸ்ல இருந்த ஃபின்லாந்துக்காரர் கொண்டு வந்தார். அதே ஆள்தான் லைக்கன்ங்கிறது பூஞ்சையும் பாசியும் சேர்ந்ததுன்னு அடுத்த வருஷம் ஷ்வெண்டனர்ங்கிற தாவரவியல் அறிஞர் சொன்னப்போ கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. ஆளு பிடிவாதம், ஆனா டெஸ்ட் இன்னைக்கும் ஓடுது.

டெஸ்ட்டுக்கு முன்னாடி உங்க கெமிக்கல் உயிரோட இருக்கான்னு பாக்கணும், இதை நெறைய பேர் விட்டுடுவாங்க. கேவுக்கு, கிளையில ஆரஞ்சு மஞ்சளா இருக்குமே சாந்தோரியா பேரியெட்டினா, அது மேல ஒரு சொட்டு வைங்க, உடனே கருஞ்சிவப்பா ஊதாவா மாறணும். ப்ளீச்சுக்கு, பங்க்டீலியா மாதிரி இலை லைக்கன் ஒண்ணை கீறி உள்ள இருக்குற வெள்ளைல வைங்க, சிவப்பாகணும். ஆகலன்னா ப்ளீச் செத்துடுச்சு, புதுசு வாங்குங்க, திறந்த ப்ளீச் கொஞ்ச வாரத்துலயே வீரியம் போயிடும்.

இப்போ அமாரா. கத்தி நுனியால ரெண்டு மூணு சொராலியா மாவை மட்டும் சுரண்டி காபி ஃபில்டர் பேப்பர் மேல குவிங்க, மரத்து மேலயே கெமிக்கல் விட வேண்டாம், அந்த இடம் செத்துப்போகும், பேப்பர்ல கலரும் தெளிவா தெரியும். பல்குத்தும் குச்சில கே தொட்டு மாவு மேல வைங்க. பெருசா ஒண்ணும் ஆகாது, லேசா அழுக்கு மஞ்சள் வந்தா கண்டுக்காதீங்க. ஓரமா பேப்பரால அதிகப்படி ஈரத்தை ஒத்தி எடுங்க. உடனே வேற குச்சில சி தொட்டு அதே இடத்துல வைங்க, வச்ச கையோட லென்ஸ்ல பாருங்க, பாட்டில் மூடிய அப்புறம் தேடிக்கலாம். அழகான ஊதா கலர் பளிச்சுனு வரும், சில நொடில மங்கிடும். இதைத்தான் கேசி ப்ளஸ் ஊதான்னு எழுதுவாங்க. கண்ணை எடுத்தா போச்சு, திரும்பி பாக்கும்போது வெறும் ஈரப் பேப்பர்தான் இருக்கும். தாலஸ்ல போட்டா சரியா தெரியாது, சொராலியா மாவுலதான் போடணும்.

தனியா சி மட்டும் வேற மாவுல ஒரு தடவை போட்டுப் பாருங்க, எந்த மாற்றமும் வரக்கூடாது. சிவப்பு வந்தா நீங்க புடிச்சது வேற ஆள்.

ஏமாத்துற கும்பல்

லெப்ரா அல்பெஸ்சென்ஸ்தான் பெரிய தலைவலி. பாக்க அண்ணன் தம்பி, சொராலியா கொஞ்சம் பெருசா தட்டையா இருக்கும், ஓரத்துல வட்டக்கோடு நல்லா தெரியும், ஆனா இதெல்லாம் எப்பவும் நம்ப முடியாது. கசக்காது, கேசி போட்டா ஊதா வராது. அவ்ளோதான் வித்தியாசம், அதனாலதான் கண்ணை மட்டும் நம்பாதீங்கன்னு சொல்றது.

ஃப்ளிக்டிஸ் அர்ஜீனா, வெள்ளி மாதிரி வெளுத்த மெல்லிய திட்டு, மாவுப் பகுதிக்கு உருவமே இருக்காது, ஒழுங்கில்லாம பரவியிருக்கும். கே வச்சா முதல்ல மஞ்சள், அப்படியே காத்திருந்தா ரத்தச் சிவப்பு.

ஒக்ரோலெக்கியா ஆண்ட்ரோஜைனா, சொராலியா சுத்த வெள்ளையா இல்லாம க்ரீம் கலர், சில சமயம் பச்சை மஞ்சளா இருக்கும். சி வச்சா உடனே சிவப்பு.

பெர்டுசாரியா பெர்டுசா, ஓக்ல சர்வசாதாரணம். மாவே இல்ல. பதிலுக்கு மரு மரு மாதிரி மேடு, ஒவ்வொண்ணு தலையிலயும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு கறுப்பு ஓட்டை. லென்ஸ்ல ஒரு தடவை அந்த ஓட்டையை பாத்துட்டா வாழ்க்கைல மறக்காது. இதோட ஸ்போர் (விதை மாதிரி பரவுற துகள்) லைக்கன் உலகத்துல ரொம்பப் பெரிய சைஸ்ல ஒண்ணு, 100 மைக்ரோமீட்டரைத் தாண்டும், மைக்ராஸ்கோப் வாங்கினா முதல்ல இதைப் பாருங்க.

பெர்டுசாரியா ஹைமீனியா அதோட சொந்தம், மரு தலை நல்லா திறந்திருக்கும், சி வச்சா ஆரஞ்சு. பெர்டுசாரியா காக்கோடிஸ்ல மாவுக்குப் பதிலா குட்டிக்குட்டி உருண்டைக் குச்சி நிக்கும், தொட்டா உதிராது, ஒடியும், கே வச்சா மஞ்சளாகி சிவப்பாகும். லெகனோரா எக்ஸ்பாலென்ஸ் மஞ்சள் பச்சை மாவு, சி ஆரஞ்சு.

ஒத்துப்போகலன்னா

புள்ளி சரியா இருக்கு, கசக்குது, ஆனா ஊதா வரலன்னா முதல்ல ப்ளீச்சை சந்தேகப்படுங்க, அடுத்து மாவு பத்தலையோன்னு பாருங்க, இன்னும் கொஞ்சம் சுரண்டி போடுங்க. ஊதா வந்துச்சு, கசப்பு தெரியலன்னா நாக்குல மாவு பத்தல, இல்ல சளி புடிச்சிருக்கு. கசப்பும் இல்ல ஊதாவும் இல்லன்னா புள்ளி எவ்வளவு அழகா இருந்தாலும் அமாரான்னு எழுதாதீங்க, அல்பெஸ்சென்ஸ் பக்கம் போய் பாருங்க. அதுக்கு மேலயும் சந்தேகம்னா லேப்ல தின் லேயர் க்ரோமட்டோகிராஃபி பண்ணி என்ன ஆசிட்னு பாப்பாங்க, அது வீட்டுல ஆகுற வேலை இல்ல. 1958ல ஆரம்பிச்ச பிரிட்டிஷ் லைக்கன் சொசைட்டில இந்த மாதிரி கேஸ் பாக்குற அனுபவசாலிங்க இருக்காங்க.

சாம்பிள் எடுக்குறது, எழுதி வைக்கிறது

நியூ ஃபாரஸ்ட், வின்ட்சர் எல்லாம் பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதி இல்லாம சாம்பிள் எடுக்கக்கூடாது. 1981 வைல்ட்லைஃப் அண்ட் கன்ட்ரிசைட் ஆக்ட்ல சில லைக்கன் பேரே தனியா பட்டியல்ல இருக்கு. அமாரா அதுல இல்ல, ஆனா உங்க கத்தி பக்கத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே. டெஸ்ட்டுக்கு வேண்டிய மாவு ஒரு குண்டூசி தலை அளவு, அதோட நிறுத்திக்கலாம். விழுந்து கிடக்குற கிளையில கிடைச்சா அதுதான் பெஸ்ட்.

அனுமதியோட எடுத்தா நகம் அகலத் துண்டு போதும், பட்டையோட சேர்த்து மெல்லிசா சீவி, காய வச்சு, பேப்பர் கவர்ல போடுங்க. ப்ளாஸ்டிக்ல போட்டா ரெண்டு நாள்ல பூசணம் புடிச்சிடும். கவர் மேல பென்சில்ல தேதி, இடம், கிரிட் ரெஃபரன்ஸ் (மேப்ல அந்த இடத்தைக் காட்டுற எண்), மரம் என்ன, தரையில இருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசை, நனையுற பக்கமா காஞ்ச பக்கமா, அப்புறம் டெஸ்ட் ரிசல்ட் எழுதுங்க: கே மைனஸ், சி மைனஸ், கேசி ப்ளஸ் ஊதா, கசப்பு உண்டு. நடுவுல ஒரு டெஸ்ட் பண்ணலன்னா "பண்ணல"ன்னே எழுதுங்க, காலியா விட்டா பின்னாடி பாக்குறவங்க மைனஸ்னு எடுத்துக்குவாங்க. மூணுல ஒண்ணு கூட இடிச்சா பேர் இடத்துல லெப்ராங்கிறதோட நிறுத்திட்டு ஒரு கேள்விக்குறி போடுங்க.